டபுள் பெடல்ல இடது கால் ஏன் பின்னாடியே வருது? கோளாறு ஒவ்வொண்ணா பார்த்து சரி பண்ற வழி

டபுள் பெடல், அதாவது ஒரே பேஸ் டிரம்ம ரெண்டு காலாலயும் அடிக்கிற ஜோடி பெடல், வாங்கி மூணு நாலு மாசம் ஆகியும் கால் ஓடலனு என்கிட்ட வர்ற பசங்க முக்காவாசி பேரு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே, வேற பெடல் வாங்கிடட்டுமா?" நான் சொல்றது, இப்ப வாங்காதீங்க, முதல்ல கோளாறு பெடல்ல இருக்கா கால்ல இருக்கானு பாருங்க, அது தெரியாம ஆயிரம் வெள்ளிய (ரிங்கிட்) கொண்டுபோய் கொட்டினா புது பெடல்லயும் அதே கோளாறு உங்க கூடவே வரும்.

எங்க அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில ஃபிட்டரா இருந்தவரு. சத்தம் கேக்கற இடத்துலயே கோளாறு இருக்கும்னு நெனைக்காதடா, ரெண்டு சாமானையும் இடம் மாத்திப் போட்டுப் பாரு, கோளாறு எது கூட போகுதோ அதுலதான் இருக்குனு சொல்வாரு. டிரம் வாசிக்கறதுக்கும் அந்த பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்ப எனக்கு தெரியாது, இப்ப நான் யாரு பெடல பாத்தாலும் முதல்ல பண்றது அதுதான்.

எப்படினா, ஸ்டூல கொஞ்சம் நகர்த்தி உக்காந்து இடது கால மெயின் பெடல்ல வைங்க, அதாவது பேஸ் டிரம்ல மாட்டியிருக்கிற பெடல்ல. மெட்ரோனோம (டிக் டிக்னு தாளம் காட்டற கருவி) 100 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 100 பீட்ல வெச்சு ஒரு பீட்டுக்கு ரெண்டு அடி, ஒரு நிமிஷம். அப்புறம் வலது கால ஸ்லேவ் பெடல்ல, அதாவது கம்பியால இணைச்சிருக்கிற இடது பக்கத்து பெடல்ல வெச்சு அதே மாதிரி ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் வழக்கமான இடத்துல வலது தனியா, இடது தனியா. நாலையும் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. வலது கால் கூட ஸ்லேவ்ல போனா தடுமாறுதுனா பெடல் செட்டிங்ல கோளாறு. இடது கால் மெயின் பெடல்லயும் தடுமாறுதுனா கால்தான். பெரும்பாலும் ரெண்டும் பாதி பாதி இருக்கும், அதனாலதான் ஆளுங்க குழம்பிப் போறாங்க.

இனிமே ஒவ்வொரு கோளாறா பாப்போம். உங்களோடது எதுவோ அதுக்கு நேரா போயிடலாம், ஆனா முதல் ரெண்டையும் எல்லாரும் படிங்க.

இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்கு, கொஞ்சம் லேட்டா விழுது

இது பெடல் பக்கத்து கோளாறுனு டெஸ்ட்ல தெரிஞ்சா முதல்ல பாக்க வேண்டியது ரெண்டு பெடலையும் இணைக்கிற ஷாஃப்ட், அந்த நடுக் கம்பி. வலது பெடல்ல கால் அழுத்தினா செயின் நேரா பீட்டர, அதாவது டிரம்ம அடிக்கிற சுத்திய, இழுக்குது. இடது பெடல்ல அழுத்தினா அந்த வேகம் ஒரு முட்டி, ஒரு கம்பி, இன்னொரு முட்டினு தாண்டி வந்துதான் பீட்டர தள்ளுது. வழியில ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் உராய்வு, கொஞ்சம் லூஸு. ரெண்டு பேஸ் டிரம் வெச்சு வாசிச்சவங்களுக்கு இந்த தொல்லையே இல்ல, அவங்களுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி பெடல், ரெண்டும் சமம். அமெரிக்க ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் 1939-ல பள்ளிக்கூட பையனா இருக்கும்போதே ரெண்டு பேஸ் டிரம் செட்ட வரைஞ்சு வெச்சவரு, அவரு கால்கள் பழகினது அந்த மாதிரி. ஒரே டிரம்ல ரெண்டு பீட்டர் வெக்கிற பெடல் பரவலா வந்தது 1983-ல டிடபிள்யூ கம்பெனியோட 5002 மாடல் வந்தப்புறம்தான். இடமும் காசும் மிச்சமாச்சு, ஆனா இடது காலுக்கு ஒரு கம்பி பாரம் கூடிப் போச்சு.

அந்த ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்கிற முட்டி லாரிக்கு அடியில ஓடற புரொப்பல்லர் ஷாஃப்ட்ல இருக்கிற அதே வகைதான். நேரா இருந்தா சீரா சுத்தும். வளைஞ்சா, இந்த பக்கம் நீங்க ஒரே வேகத்துல சுத்தினாலும் அந்த பக்கம் ஒரே வேகத்துல சுத்தாது, கொஞ்சம் முந்தும் கொஞ்சம் பிந்தும். வளைவு ஜாஸ்தியானா இது கால்லயே தெரியும், அழுத்தும்போது நடுவுல ஒரு எடத்துல கனமா இருக்கும். அதனால ஸ்லேவ் பெடல முடிஞ்ச வரைக்கும் ஷாஃப்ட் நேரா வர்ற மாதிரி வைங்க. முழுசா நேரா வெக்க முடியாது, பக்கத்துல ஹை-ஹேட் (இடது காலால மூடித் திறக்கற ஜோடி சிம்பல்) ஸ்டாண்டு இருக்கும், அப்ப ரெண்டு முனையிலயும் வளைவு கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கட்டும், ஒரு முனை நேராவும் இன்னொரு முனை மடங்கியும் இருக்கிறது ரொம்ப கெட்டது.

இங்க நெறைய பேரு பண்ற ஒரு காரியம், ஹை-ஹேட்ட அது வழக்கமா இருக்கிற இடத்துலயே விட்டுட்டு மிச்சம் இருக்கிற சந்துல ஸ்லேவ நுழைக்கிறது. தலைகீழா பண்ணுங்க. முதல்ல ஸ்டூல்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு ரெண்டு காலையும் இயல்பா கீழ வைங்க, பாதம் எங்க விழுதோ அங்க பெடல் வரணும். ஸ்லேவ் இடம் முடிவானப்புறம் ஹை-ஹேட் அதுக்கு பக்கத்துல வரட்டும், ஸ்டாண்டோட மூணு கால்ல ஒண்ணு இடிக்குதுனா ஸ்டாண்ட சுத்தி வைங்க, ரெண்டு கால் ஸ்டாண்டா இருந்தா இன்னும் வசதி. ஷாஃப்ட் நீளம் கூட்டிக் குறைக்கலாம், அதுக்கு ஸ்க்ரூ இருக்கு, டிரம் கீ, அதாவது டிரம் ஸ்க்ரூ திருப்பற சாவி போதும்.

அப்புறம் பீட்டர் ஆட்டம். பெடல டிரம்லேர்ந்து கழட்டி தரையில வைங்க. வலது பீட்டர முன்னாடி இழுத்து விட்டுட்டு எத்தனை தடவை ஆடி நிக்குதுனு எண்ணுங்க, அப்புறம் இடது பீட்டர். இடது எப்பவுமே கொஞ்சம் சீக்கிரம் நிக்கும், அது பரவாயில்ல. ஆனா வலது பத்து தடவை ஆடி இடது மூணு நாலுல நின்னுபோச்சுனா எங்கயோ இறுக்கம் இருக்கு. முட்டிகள்ல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க, ஸ்க்ரூ எதாவது ஓவரா முறுக்கியிருக்கானு பாருங்க. லூஸும் அதே அளவு கெட்டது. ஸ்லேவ் ஃபுட்போர்ட, அதாவது கால் வெக்கிற பலகைய, விரலால லேசா அழுத்துங்க, பீட்டர் அசையறதுக்கு முன்னாடி போர்டு கொஞ்சம் இறங்குதுனா அந்த இடைவெளிதான் உங்களுக்கு லேட்டா கேக்குது. நம்ம ஊர் ஈரத்துல துருவும் சீக்கிரம் பிடிக்கும், பெடல கார் பூட்லயே மாசக்கணக்கா போட்டு வெக்காதீங்க, வாசிச்சு முடிச்சா ஒரு துணியால துடைச்சு பையில போடுங்க.

ஸ்பிரிங்க கடைசியா தொடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்ல இருக்கணும்னு இல்ல, ரெண்டு பக்கமும் கால்ல ஒரே மாதிரி *தெரியணும்*. ஸ்லேவ் பக்கம் திரும்பி வர சோம்பலா இருந்தா ஒரு அரை சுத்து இறுக்கிப் பாருங்க, அழுத்தவே கனமா இருந்தா அரை சுத்து தளர்த்துங்க. ஒரு நாளைக்கு ஒரு மாத்தம்தான், ஒரே நேரத்துல மூணு ஸ்க்ரூவ திருப்பிட்டா எது உதவுச்சுனு யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் சரியாகியும் இடது சத்தம் கம்மினா ரெண்டு பீட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, உயரம் ஒண்ணா இருக்கா, பின்னாடி சாயற கோணம் ஒண்ணா இருக்கா, ஒண்ணோட ஃபெல்ட் தேஞ்சு மொட்டையாகி இன்னொண்ணு புதுசா இருக்கா. ஒரு பக்கம் பிளாஸ்டிக் முகம் ஒரு பக்கம் ஃபெல்ட் முகம் திரும்பியிருந்து ஆறு மாசமா கால குறை சொல்லிக்கிட்டு இருந்த ஒரு பையன நான் பாத்திருக்கேன்.

பெடல் சரி, ஆனா குதிரை ஓடற மாதிரி தடக் தடக்னு கேக்குது

இது கால் கோளாறு. அதுக்கும் மேல, காது கோளாறு. இத பத்தி நான் நெறைய சொல்லணும்.

என் அக்கா மகன் ஒருத்தன், சின்ன வயசுலேர்ந்து உருமி மேளம் வாசிக்கறவன், தைப்பூசத்துக்கு பத்துமலையில காவடி கூட ராத்திரி முழுக்க நின்னு வாசிப்பான், தாளத்துல அவன அசைக்க முடியாது. அவன் டிரம் செட்டுக்கு வந்து டபுள் பெடல்ல உக்காந்தா தடக் தடக். அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. "மாமா, கையில வர்றது கால்ல ஏன் வரல?" நான் சொன்னேன், உருமியில உனக்கு ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை, ஒரு பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்க்கிற, மறு பக்கம் அடிக்கிற, ரெண்டும் ஒரே சத்தம் வரணும்னு யாரும் உன்ன கேட்டதே இல்ல. டிரம் செட்லயும் அப்படித்தான், வலது கால் வருஷக்கணக்கா அடிச்சிட்டு இருக்கு, இடது கால் ஹை-ஹேட்ட மூடி வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கு. திடீர்னு அதையும் அதே வேகத்துல அடினு சொன்னா அது என்ன பண்ணும், வலது கால் அடிச்சதும் அவசரமா பின்னாலயே ஒரு அடி அடிச்சிட்டு அப்பாடானு நின்னுடும். அந்த இடைவெளிதான் குதிரை.

நம்மகிட்ட இதுக்கு ஒரு நல்ல மருந்து இருக்கு, கொன்னக்கோல், தாளத்த வாயால சொல்ற சொல்லு. தகதிமி. நாலு எழுத்து, ஒரு பீட்டுக்கு நாலு அடி, த வலது, க இடது, தி வலது, மி இடது. வாயால சத்தமா சொல்லிக்கிட்டே 60 பிபிஎம்ல வாசிங்க. 60-ல எல்லாரும் சிரிப்பாங்க, இவ்ளோ மெதுவாவானு, ஆனா ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா 60-லயே குதிரை ஓடும். வாய் சீரா சொல்லுது, கால் சீரா இல்லனு வித்தியாசம் அங்கயே தெரிஞ்சிடும். க-வும் மி-யும் வாயில எங்க விழுதோ அங்க கால் விழற வரைக்கும் வேகத்த தொடாதீங்க.

அடுத்தது, இடது கால்ல ஆரம்பிங்க. த இடது, க வலது, தி இடது, மி வலது. இது முதல் வாரம் ரொம்ப கஷ்டமா இருக்கும், மூளைய யாரோ திருப்பி வெச்ச மாதிரி இருக்கும், விடாதீங்க. என் கணக்குல இடது கால் தேறினதுல பாதி இந்த ஒரு பயிற்சியாலதான். தினம் மொத்தம் 15 நிமிஷம் இருக்குனா 7 நிமிஷம் இடதுல ஆரம்பிச்சு வாசிங்க.

மூணாவது, இடது கால் மட்டும். வலது கால தரையில வெச்சிட்டு க-வையும் மி-யையும் மட்டும் அடிங்க, த-வும் தி-யும் வாயில மட்டும். மெட்ரோனோம் விழற இடத்துல கால் விழாது, நடுவுல விழும். இது வந்துடுச்சுனா குதிரை நின்னுடும். என் அக்கா மகனுக்கு இது பிடிபட அஞ்சு வாரம் ஆச்சு, 60-லேர்ந்து 96 வரைக்கும் 4 4-ஆ ஏத்தினோம்.

ரெக்கார்டிங்க பாதி வேகத்துல போட்டு கேளுங்க, போன்லயே அந்த வசதி இருக்கு. வாசிக்கும்போது காதுக்கு நல்லா இருக்கிறது பாதி வேகத்துல போட்டா பல்ல இளிக்கும். மனசு கஷ்டமா இருந்தாலும் தினம் கேளுங்க.

140, 150 வரைக்கும் ஓடுது, அதுக்கு மேல கால் பூட்டிக்குது

ஒரு கணக்கு போடுவோம். 120-ல ஒரு பீட்டுக்கு நாலு அடினா ஒரு செகண்டுக்கு 8 அடி, ஒரு காலுக்கு 4. 160-ல ஒரு காலுக்கு செகண்டுக்கு 5-க்கு மேல. 200-ல கிட்டத்தட்ட 7. செகண்டுக்கு நாலு தடவை முழு தொடையும் தூக்கிப் போடலாம், ஏழு தடவை தூக்கிப் போட முடியாது, தொடை அவ்ளோ கனம். அதனால வேகம் ஏற ஏற அசைவு தொடையிலேர்ந்து கணுக்காலுக்கு இறங்கணும். பெரும்பாலான ஆளுங்களுக்கு 150-லேர்ந்து 180-க்குள்ள எங்கயோ இந்த கைமாத்தல் நடக்குது, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, தொடைக்கு ரொம்ப வேகம், கணுக்காலுக்கு இன்னும் பழக்கம் இல்ல. அப்ப என்ன பண்றோம், பல்ல கடிச்சிக்கிட்டு தொடைய இறுக்கறோம். இறுகின காலு பூட்டிக்கும்.

பலம் போதாதுனு நெனைச்சு ஸ்குவாட் எடுக்கறவங்க இருக்காங்க. உடம்புக்கு நல்லதுதான், செய்ங்க, ஆனா இதுக்கு மருந்து அது இல்ல.

கணுக்கால் அசைவ மெதுவான வேகத்துல தனியா பழகுங்க. குதிகால் லேசா தூக்கி, தொடை அசையாம, பாதம் மட்டும் சின்னதா ஆடணும். 110, 120-ல, சத்தம் கம்மியா. அந்த வேகத்துல தொடையால அடிக்கறது சுலபம், அதனால கால் ஏமாத்தி தொடைக்கே போகும், முழங்கால் மேல ஒரு நோட்டுப் புத்தகம் வெச்சுக்குங்க, விழுந்தா தொடை தூக்குதுனு அர்த்தம். பாதத்த ஃபுட்போர்டுல கொஞ்சம் பின்னாடி இழுத்து வெச்சுப் பாருங்க, ரெண்டு விரல் அளவு. நுனியில வெச்சா அழுத்த சுலபம் ஆனா கால் ஆட வேண்டிய தூரம் ஜாஸ்தி, பின்னாடி வெச்சா கொஞ்சம் கனம் ஆனா தூரம் கம்மி. எந்த இடத்துல பெடல் திரும்பி வந்து உங்க பாதத்த தானா மேல தள்ளுதோ அந்த இடம்தான் உங்களோடது, ஆளுக்கு ஆள் மாறும், பாதத்தோட நீளத்தப் பொறுத்து.

பெடல ஊஞ்சல் மாதிரி நெனைச்சுக்குங்க. ஊஞ்சல் திரும்பி வர்றதுக்குள்ள தள்ளினா கை வலிக்கும், அது போற நேரம் பாத்து தொட்டா போதும். ஸ்பிரிங்க இறுக்கினா அந்த ஊஞ்சலோட ஆட்டமே வேகமாகுது. அதனாலதான் 180-க்கு மேல வாசிக்கற நெறைய பேரு ஸ்பிரிங்க இறுக்கமா வெக்கிறாங்க. ஆனா 100-ல தடுமாறிக்கிட்டு இருக்கும்போது அவங்கள பாத்து நீங்களும் இறுக்கினா கெண்டைக்கால் செத்துடும். வேகம் ஏறினதும் ஸ்பிரிங் ஏறட்டும்.

ஸ்விவெல், ஹீல்-டோ இதெல்லாம் எப்பனு கேப்பாங்க. ஸ்விவெல்னா குதிகால் இடம் வலமா ஆடும், நீண்ட நேரம் வேகமா ஓடறதுக்கு சிலருக்கு உதவுது. ஹீல்-டோல ஒரே கால் அசைவுல ரெண்டு அடி, முதல் அடி குதிகால் இறங்கும்போது, ரெண்டாவது நுனிக்கால். ரெண்டும் நல்ல வித்தைதான், ஆனா கணுக்கால் சாதாரணமா 160-ல ரெண்டு நிமிஷம் ஓடறதுக்கு முன்னாடி அதுக்கு போனீங்கனா உங்க குதிரைய இன்னும் வேகமா ஓட்டறீங்க, அவ்ளோதான்.

டைரக்ட் டிரைவ் வாங்கினா வேகம் வருமானு கேக்கறவங்களுக்கு: செயினுக்கு பதிலா நேரா ஒரு கட்டை கம்பி இருக்கும், கால் அசைவும் பீட்டர் அசைவும் ஒட்டினாப்புல இருக்கும், சிலருக்கு அது பிடிக்கும். ஆனா செயின் பெடல்ல 220 வாசிக்கறவங்க இருக்காங்க.

முழங்காலுக்கு கீழ முன்பக்கம் எரியுது, இடுப்பு பிடிச்சுக்குது

முன்பக்கம் எரியறது பாதத்த மேல தூக்கற தசை. நீங்க ஒவ்வொரு அடிக்கும் பாதத்த தூக்கறீங்கனு அர்த்தம், தூக்க வேண்டியது ஸ்பிரிங்கோட வேலை. மெதுவா ஒரு அடி அடிச்சிட்டு காலு முழுக்க தளர்ந்து கிடக்கட்டும், பெடல் உங்க பாதத்த தூக்கிக்கிட்டு வருதா பாருங்க. வரலனா ஸ்பிரிங் ரொம்ப லூஸ்.

இடுப்புனா முக்கால்வாசி ஸ்டூல் உயரம். தாழ்வா உக்காந்தா தொடைய தூக்கற ஒவ்வொரு தடவையும் இடுப்பு தசை மேல்நோக்கி ஏறணும். தொடை முழங்கால் பக்கம் லேசா சரிஞ்சு இருக்கணும், அதாவது இடுப்பு முழங்காலுக்கு கொஞ்சம் மேல. இன்னொண்ணு, சாதாரண பீட் வாசிக்கும்போது இடது கால் ஹை-ஹேட்ல ஊனி நிக்கும், உடம்புக்கு அதுவே ஒரு தூண். டபுள் பெடல்ல ரெண்டு காலும் ஆகாயத்துல, தூண் இல்ல, அப்ப முழு பாரமும் உக்கார்ற இடத்துல விழணும். ஸ்டூல் நுனியில உக்காந்திருந்தா முதுகு பயந்து இறுகிக்கும். நல்லா பின்னாடி தள்ளி உக்காருங்க, ஆனா தொடையோட கீழ்ப்பக்கம் சீட்டு அழுத்தக்கூடாது, அழுத்தினா கால் மரத்துப் போகும்.

எரியறது வேற, குத்தறது வேற. தசை எரிஞ்சா ஓய்வு எடுத்தா போயிடும். குத்துச்சுனா, பாதம் மரத்துச்சுனா, மறுநாள் காலையில படியிறங்கும்போது குதிகாலுக்கு மேல வலிச்சுதுனா நிறுத்துங்க, நாலஞ்சு நாள் விட்டும் போகலனா டாக்டர பாருங்க. இதுல வீராப்பு வேண்டாம், குதிகால் தசைநார் கெட்டா மாசக்கணக்குல ஆகும்.

ஒரு அடி அடிச்சா ரெண்டு அடி கேக்குது, இல்லனா பீட்டர் தோல்லயே ஒட்டிக்குது

அடிச்சப்புறம் நீங்க பீட்டர விடவும் இல்ல, அழுத்தி பிடிக்கவும் இல்ல, நடுவுல லேசா வெச்சிருக்கீங்க, அப்ப அது தோல்ல பட்டு துள்ளி இன்னொரு தடவை படுது. டபுள் பெடல் வேகத்துல பீட்டர விடறதுதான் சரி, அழுத்திப் பிடிச்சா அடுத்த அடிக்கு தாமதம். பேஸ் டிரம் தோல் தொளதொளனு இருந்தா பீட்டர் துள்ளி வராம ஒட்டிக்கும், சுருக்கம் போனப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கால் சுத்து அரை சுத்து கூட்டுங்க. உள்ள தலையணைய முழுசா அடைச்சு தோல அழுத்தி வெச்சிருந்தா கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. பீட்டர் சாயற கோணம் 45 டிகிரி கிட்ட இருந்து ஆரம்பிங்க.

டிரம் முன்னாடி நகந்துக்கிட்டே போகுது

நம்ம ஃப்ளாட்ல எல்லாம் டைல்ஸ் தரை. கார்பெட் போடுங்க, ஸ்டூலும் அதே கார்பெட் மேல இருக்கணும், அப்ப உங்க பாரமே அத பிடிச்சுக்கும். பேஸ் டிரம் முன்கால் ரெண்டும் முன்னாடி சாஞ்சு ஊனணும். ஸ்லேவ் அடியில வெல்க்ரோ இருக்கானு பாருங்க, ஸ்லேவ் ஒரு விரக்கடை நகந்தாலே ஷாஃப்ட் வளைஞ்சு முதல் கோளாறு திரும்ப வந்துடும்.

கீச் கீச்

பாதி நேரம் ஸ்டூல்தான் கத்தும், பெடல் இல்ல. எழுந்து நின்னு கையால பெடல அழுத்திப் பாருங்க. பெடல்தான்னா ஸ்பிரிங் மாட்டற கொக்கி, குதிகால் பக்கத்து கீல், ஷாஃப்ட் முட்டி இந்த மூணு இடத்துல எண்ணெய். டபிள்யூடி-40 துருவ எடுக்க நல்லது, ஆனா சீக்கிரம் காஞ்சிடும், அதுக்கப்புறம் மெஷின் எண்ணெய் விடணும்.

கால் மட்டும்னா ஓடுது, கை சேந்தா எல்லாம் கலையுது

வலது கையில ரைடு சிம்பல், ஒரு பீட்டுக்கு ரெண்டு அடி. அது ஒவ்வொண்ணும் வலது கால் கூடவே விழணும், த-வும் தி-யும். கையும் காலும் சேந்து ஒரே சத்தமா கேக்கணும், ரெண்டா பிரிஞ்சு கேட்டா வலது கால் முந்துதுனு அர்த்தம், கை பெரும்பாலும் சரியா இருக்கும். இடது கையில அடிக்கிற ஸ்னேர் டிரம் 2-வது பீட்லயும் 4-வது பீட்லயும் விழும்போதும் வலது கால்தான் கூட இருக்கும். ஸ்னேர் விழற நேரத்துல கால் ஒரு அடி முழுங்குதா பாருங்க, நெறைய பேருக்கு முழுங்கும், இடது கை ஓங்கும்போது உடம்பு சாஞ்சு இடது கால் தடைபடுது. முதல்ல ஸ்னேர் மட்டும் சேருங்க, ஒரு வாரம். அப்புறம் ரைடு. ஃபில்லுக்கு, அதாவது நடுவுல போடற அலங்கார அடிகளுக்கு, அவசரப்படாதீங்க.

வீட்ல வருது, ஜாமிங் ஸ்டூடியோவுல வரல

இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் உள்ள கதை. வீட்ல எலெக்ட்ரானிக் கிட், மெஷ் பேடு இல்லனா ரப்பர் பேடு, வெறுங்கால், ஏர்கான் அறை. ஸ்டூடியோவுல நிஜ பேஸ் டிரம், ஷூ, யாரோ உக்காந்த உயரத்துல ஸ்டூல். கால் அத வேற பெடல்னே நெனைக்குது. எந்த காலணியில மேடை ஏறப் போறீங்களோ அதோடயே வீட்லயும் வாசிங்க, வீட்டுக்குள்ள போடறதுக்குனே ஒரு ஜோடி மெல்லிய அடிப்பாகம் உள்ளதா தனியா வெச்சுக்குங்க, அம்மா திட்ட மாட்டாங்க. வெறுங்கால்தான் பிடிக்கும்னா சரி, ஆனா வேர்த்தா பாதம் வழுக்கும், சிலருக்கு ஒட்டும், பக்கத்துல ஒரு சின்ன டவல் இருக்கட்டும்.

ரப்பர் பேடு பேஸ் டிரம் தோல விட நல்லாவே துள்ளும், அதனால வீட்ல வந்த வேகத்துல 10 பிபிஎம் கழிச்சுதான் ஸ்டூடியோ கணக்கு. இத தெரிஞ்சுக்கிட்டு போனா ஏமாத்தம் இல்ல.

கீழ்வீட்டுக்காரங்களுக்காக ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக் கிட்டுனா சத்தம் போகாதுனு நெனைக்கிறோம், காதுக்கு போகாது, ஆனா கால் அடிக்கிற இடி தரை வழியா இறங்கி கீழ இருக்கிறவங்க கூரையில தும் தும்னு கேக்கும், டபுள் பெடல்னா நிக்காம கேக்கும். ரெண்டு ப்ளைவுட் பலகைக்கு நடுவுல பழைய டென்னிஸ் பந்துகள வெச்சு அது மேல பெடலையும் பேடையும் வெச்சா இடி நல்லா குறையும். பந்து உருண்டு ஓடாம கீழ்ப்பலகையில ஓட்டை போட்டு உக்கார வெக்கணும். செத்தாபாக்ல நான் இருந்த ஃப்ளாட்ல இது வெச்சப்புறம்தான் கீழ்வீட்டு ஆன்ட்டி மறுபடியும் முகம் பாத்து பேசினாங்க, இருந்தாலும் ராத்திரி ஒம்போதுக்கு மேல நான் பெடல தொட்டதில்ல.

ஸ்டூடியோவுக்கு போகும்போது உங்க பெடல எடுத்துட்டு போங்க, கூட டிரம் கீ ரெண்டு, ஒண்ணு எப்பவும் தொலையும். வீட்ல எல்லாம் சரியா செட் ஆனதும் ஷாஃப்ட் நீளம் எங்க நிக்குதோ அங்க வெள்ளை டேப் ஒட்டி கோடு போட்டு வைங்க, பீட்டர் தண்டுலயும் அதே மாதிரி. ஸ்டூல் உயரத்துக்கு, நிமிந்து நின்னு சீட்டு உங்க முழங்காலுக்கு எவ்ளோ மேல வருதுனு விரலால அளந்து வெச்சுக்குங்க, எனக்கு நாலு விரல். ஒரு மணி நேரத்துக்கு காசு கட்டி உள்ள போறோம், முதல் பத்து நிமிஷம் செட்டிங்குக்கு போனா போகட்டும், பேண்டுல மத்தவங்க கிட்டார் ட்யூன் பண்ணிக்கிட்டுதான் இருப்பாங்க. அந்த நேரத்துல ஹை-ஹேட்ட நகர்த்துங்க, ஷாஃப்ட் வளைவ குனிஞ்சு பாருங்க, ஸ்லேவ்ல வலது கால ஒரு தடவை வெச்சுப் பாருங்க, அப்புறம் 80-ல தகதிமி ரெண்டு நிமிஷம், இடதுல ஆரம்பிச்சு.